குரல் நின்றால் லோடு நிற்க வேண்டும்

எங்கள் சைட்டில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ரேடியோ என்பார்கள். காலையில் கேட்டுக்குள் நுழைந்தால் சாயங்காலம் வெளியே போகிறவரை வாய் ஓயாது என்பதால் வைத்த பெயர். எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் கிடையாது, உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமைதான். ஏனென்றால் என் வேலையே பேசுவது.

பதினாலு மாடிக் கட்டடம். அதை ஒட்டி ஒரு டவர் கிரேன். உச்சியில் ஒரு கண்ணாடிக் கேபின், அதில் ஆபரேட்டர். கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் சாமானை இறக்குவது அவருக்குக் கஷ்டமில்லை. சுவருக்குப் பின்னால், மொட்டை மாடி மூலையில் இறக்க வேண்டுமென்றால் அவருக்கு எதுவும் தெரியாது. நாங்கள் அதைக் குருட்டு லோடு என்போம். அப்போது அந்த இடத்தில் ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒருவன் வாக்கி டாக்கியோடு நின்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இறக்கு, இறக்கு, இறக்கு, ஆறடி, அஞ்சடி, இறக்கு. மூச்சு விடலாம், நிறுத்தக் கூடாது. சைட் முழுவதற்கும் ஆரஞ்சுச் சட்டை ஒன்றுதான். அது என் மேல் இருந்தது. கிரேன் டீம் ஒன்பது பேருக்கும் நான்தான் லீடர்.

இந்த வேலைக்கு இரண்டு சட்டம் உண்டு. ஒன்று, நான் சொன்னதை ஆபரேட்டர் தன் வாயால் திருப்பிச் சொல்லி, நான் "சரி" என்ற பிறகுதான் லீவரில் கை வைக்க வேண்டும். இரண்டு, என் குரல் நின்றால் லோடு நிற்க வேண்டும். ஏன் நின்றது, எதற்கு நின்றது என்று யோசிக்கக் கூடாது. பாட்டரி போயிருக்கலாம், நான் மயங்கி விழுந்திருக்கலாம். குரல் இல்லையா, நிறுத்து. அவ்வளவுதான். இந்த இரண்டு சட்டத்தை வைத்துக்கொண்டு என் டீமில் ஒருத்தர் மேலும் ஒரு கீறல் விழாமல் வேலை வாங்கியிருக்கிறேன் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன்.

ஆபரேட்டர் எனக்குப் பத்து வயது மூத்தவர். லிஃப்ட்டக்கா என்று கூப்பிடுவோம். ஆறு வருஷம் கீழே சாமான் ஏற்றுகிற லிஃப்டை ஓட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் லிஃப்ட் மேலே போய் நின்றதும் ஒரு நொடி தலையைத் தூக்கி கிரேன் கேபினைப் பார்ப்பார். நான்தான் ஒரு நாள் கேட்டேன், "என்னக்கா, அங்க என்ன தெரியுது?" என்று. "ஒண்ணும் தெரியல தம்பி, அங்க இருந்து என்ன தெரியும்னுதான் பாக்குறேன்" என்றார். அன்றைக்கே கிரேன் ஆபரேட்டர் பரீட்சைக்கு விண்ணப்பம் வாங்கிவந்து நிரப்பிக் கொடுத்தேன். முதல் தடவை பரீட்சையில் போய்விட்டது. இரண்டாவது தடவை பாஸ். அவர் முதன்முதலாக ஏணியில் ஏறிய நாள் நான் அடியில் நின்று கழுத்து வலிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டு ஆள் ஏறுகிற மாதிரிதான் இருந்தது.

ஏழு மாதம் ராணி மாதிரி ஓட்டினார். ரேடியோவில் அவர் குரல் சுருக்கமாக வரும். நான் பத்து வார்த்தை சொன்னால் அவர் இரண்டு வார்த்தையில் திருப்பிச் சொல்வார். அவருடைய சின்ன மகள் பள்ளிக்கூடத்தில், "ஊர்லயே உயரமான நாற்காலி எங்கம்மாவோடது" என்று சொல்லி டீச்சரையே வாயடைக்க வைத்தாளாம். அதை அக்கா என்னிடம் சொல்லும்போது சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

ஒன்பதாம் மாடியின் பின்பக்கத்தில் ஜன்னல் சட்டங்கள் இறக்க வேண்டும். கண்ணாடியோடு ஒரு கட்டு, பன்னிரண்டு சட்டம். குருட்டு லோடு. நான் ஒன்பதாம் மாடி விளிம்பில் நிற்கிறேன். லோடு மெல்லச் சுற்றி வருகிறது. சுத்து, சுத்து, சுத்து என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து எனக்குப் பின்னால் பூச்சு வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் கரண்டியை உதறினார். ஒரு கை நிறைய சிமென்ட் கலவை என் ஷூ மேல் வந்து விழுந்தது. புது ஷூ. என் மனைவி வாங்கிக் கொடுத்து ஒரு நாள்கூட ஆகவில்லை. எனக்குக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கே தெரியாது. திரும்பினேன். கொடுத்தேன் பாருங்கள். கண்ணு பிடரியிலயா இருக்கு, கரண்டியா விசிறியா என்று ஆரம்பித்து நாலு வாங்கு வாங்கினேன். நாலு வினாடி இருக்கும்.

அந்த நாலு வினாடியும் என் கட்டைவிரல் பட்டனில் இல்லை.

மேலே ரேடியோவில் குரல் நின்றது. அக்கா சட்டப்படி நிறுத்தினார். சுற்றிக்கொண்டிருந்த லோடு, நின்ற வேகத்தில் ஊசலாடி, தூண் முனையில் இடித்தது. மூன்று கண்ணாடி நொறுங்கிக் கீழே கொட்டியது. கீழே கயிறு கட்டி ஆள் போகாமல் தடுத்திருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் இந்தக் கதையை நான் இப்படி உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

இன்ஜினியர் ஓடி வந்தார். அடுத்த பத்து நிமிஷத்தில் டீம் முழுக்கக் கீழே கூடிவிட்டது. அக்காவும் இறங்கி வந்து நின்றார்.

"என்ன ஆச்சு?" என்று இன்ஜினியர் என்னைக் கேட்டார்.

"திடீர்னு பிரேக் போட்டுட்டாங்க சார்."

"நீங்க குரல் குடுத்துக்கிட்டுதானே இருந்தீங்க?"

"நான் நிறுத்தாம பேசிக்கிட்டுதான் சார் இருந்தேன்."

இரண்டும் உண்மை. பிரேக் திடீரென்றுதான் போட்டார். நானும் நிறுத்தாமல்தான் பேசிக்கொண்டிருந்தேன், பூச்சுக்காரரிடம். இரண்டு உண்மையைச் சேர்த்து ஒரு பச்சைப் பொய்யைக் கட்டி எல்லார் முன்னாலும் வைத்துவிட்டேன். ஆரஞ்சுச் சட்டை போய்விடும் என்ற பயம், வேறொன்றுமில்லை. அன்றைக்கு நாங்கள் இருவரும் இரண்டாம் சேனலில் தனியாகப் பேசிக்கொண்டிருந்தோம், அதனால் மறுத்துப் பேச ஆளில்லை. பூச்சுக்காரர் அந்த வாரமே வேறு சைட்டுக்குப் போய்விட்டார்.

அக்கா சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நல்லது. அவர் என்னைப் பார்த்து, "குரல் நின்ன மாதிரி இருந்துச்சே தம்பி" என்றார், மெதுவாக. நான் தரையைப் பார்த்தேன். "அப்ப எனக்குத்தான் கேக்கலபோல" என்று அவரே முடித்துவிட்டார். என் பேச்சை அவர் அவ்வளவு நம்பினார்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் நடந்ததுதான் கொடுமை. அக்காவின் குரல் மாறிவிட்டது. இறக்கு என்றால், "இறக்கு. சரியா?" என்பார். சரி என்பேன். "சரின்னுதானே சொன்னீங்க? சரியா?" என்பார். ஐந்தடி இறக்கிவிட்டு அவராகவே நிறுத்தி, "தம்பி, பேசுறீங்களா?" என்று கேட்பார். பேசிக்கொண்டுதான் இருப்பேன். ஒரு மணி நேர வேலை இரண்டரை மணி நேரம் ஆயிற்று. கம்பி கட்டுகிறவர்கள் முணுமுணுத்தார்கள். "லிஃப்ட்டக்காவுக்கு லிஃப்ட்டுதான் லாயக்கு" என்று ஒருத்தன் சொன்னான். அவனை நான் பிடித்துத் திட்டித் தீர்த்துவிட்டேன். அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை என்று அப்போது தோன்றவில்லை.

நான் லீடர் இல்லையா, ஊக்கம் கொடுக்கக் கிளம்பினேன். கேட்டால் நீங்களே சிரிப்பீர்கள். காலையில் வேலை தொடங்குமுன் டீம் கூடிப் பேசும்போது அக்காவை நடுவில் நிற்க வைத்து எல்லாரையும் கை தட்டச் சொன்னேன். தன்னம்பிக்கை, விடாமுயற்சி, விழுந்தால் எழ வேண்டும் என்று கால் மணி நேரம் பொழிந்தேன். ஒரு பெரிய தாளில் "உங்களால் முடியும்" என்று கொட்டை எழுத்தில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, கிரேன் ஏணியின் அடியில் ஒட்டினேன். அக்கா அதைத் தாண்டித்தான் தினமும் ஏற வேண்டும்.

நான்காம் நாள் அவர் என்னைத் தனியே கூப்பிட்டார். "கை தட்டச் சொல்லாதீங்க தம்பி. கீழ விழுந்த குழந்தைக்கு அழக் கூடாதுன்னு தட்டுவாங்களே, அந்த மாதிரி இருக்கு."

"உங்களுக்குத் தைரியம் வரட்டும்னுதான்க்கா."

"தைரியம் இருக்கு. காதுதான் இல்ல."

அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்து வைத்தேன். அப்படியே வாயைத் திறந்து சொல்லித் தொலைத்திருக்கலாம். மென்று முழுங்கிவிட்டேன்.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை இன்ஜினியர் என்னைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கட்டடத்தின் குளிர்சாதன இயந்திரம் வருகிறது. நாலு டன். மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் அறைக்குப் பின்னால், நாலு போல்ட் மேல் கச்சிதமாக உட்கார வேண்டும். முழுக்க முழுக்கக் குருட்டு லோடு. "அன்னிக்கும் இந்த சரியா சரியா கதைன்னா என்னால தாங்க முடியாது. அதுக்குள்ள வேற ஆள் கிடைக்கல, வெள்ளிக்கிழமையிலிருந்துதான் வேற ஆபரேட்டர் வருவார். அவங்க திரும்ப லிஃப்டுக்குப் போகட்டும். நீங்களே பக்குவமா சொல்லிடுங்க" என்றார்.

நான் அக்காவிடம் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். "வியாழக்கிழமை வரைக்கும் இருக்குல்ல" என்றார்.

புதன்கிழமை சாயங்காலம் வீட்டில் என் மனைவி வாசலில் உட்கார்ந்து என் ஷூவைப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். தையல் கடையில் வேலை பார்க்கிறவள். ஒரு தையல் பிசகினால் பத்தடி தள்ளியிருந்தே கண்டுபிடித்துவிடுவாள். சிமென்ட் கறை மூன்று வாரமாகியும் போகவில்லை என்பதில் அவளுக்குக் கடுப்பு.

"லிஃப்ட்டக்காவ பஸ் ஸ்டாப்புல பார்த்தேன்" என்றாள். "காது டாக்டர்கிட்ட போய்ட்டு வராங்களாம்."

"காதுக்கு என்னவாம்?"

"காதுக்கு ஒண்ணும் இல்லையாம். மெஷின் வச்சுப் பார்த்துட்டு சின்னப் பொண்ணு காது மாதிரி இருக்குன்னு சொல்லிட்டாராம். அதான் அவங்களுக்குக் கவலை."

"நல்ல காதுன்னா எதுக்குக் கவலை?"

"காதுல கோளாறுன்னா மருந்து இருக்கு. காது நல்லா இருந்தும் நீங்க பேசினது கேக்கலன்னா, மண்டையில ஏதோ ஆயிடுச்சுன்னுதானே அர்த்தம்? வீட்டுல குக்கர் சத்தம் கேட்டாகூட பெரிய மகளக் கூப்பிட்டு, உனக்கும் கேக்குதான்னு கேக்குறாங்களாம். சொல்லும்போதே கண்ணு கலங்கிடுச்சு."

பிரஷ் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"அது எந்தச் செவ்வாக்கிழமைங்க?" என்றாள்.

"எது?"

"கண்ணாடி உடஞ்ச செவ்வாக்கிழமை. அன்னிக்குத்தானே இந்த ஷூல சிமென்ட் விழுந்துச்சு? பூச்சுக்காரர நாலு வாங்கு வாங்கினேன்னு பெருசா வந்து சொன்னீங்களே." ஷூவைக் கையில் தூக்கிப் பிடித்தாள். "லோடு வந்துகிட்டிருக்கும்போதா வாங்கினீங்க?"

வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குப் பேச்சு வரவில்லை. அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு ஷூவைக் கீழே வைத்தாள், எறியவில்லை, வைத்தாள். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

"அந்தம்மாவுக்குப் போயி நீங்க கை தட்டினீங்களா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வியாழக்கிழமை ஏழு மணிக்கெல்லாம் சைட்டில் இருந்தேன். அக்கா ஏறுவதற்குமுன் பிடித்துவிட வேண்டும் என்று ஓடினேன். அவர் ஆறரைக்கே ஏறிவிட்டாராம். ஏணியடியில் என் தாள் மட்டும் "உங்களால் முடியும்" என்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கிழித்து மடித்துப் பைக்குள் போட்டேன். கேபினுக்குள் செல்போன் கூடாது. ஏணியில் ஆபரேட்டரைத் தவிர யாரும் ஏறக் கூடாது. இருப்பது வாக்கி டாக்கி ஒன்றுதான்.

ஒன்றாம் சேனலில் சைட்டின் பதினைந்து செட்டும் திறந்திருக்கும். இன்ஜினியர், சேஃப்டி மேடம், கேட் செக்யூரிட்டி, லாரிக்காரர்கள், எல்லாரும் கேட்பார்கள். அக்காவை இரண்டாம் சேனலுக்கு வரச் சொன்னால் நாங்கள் இருவர் மட்டும் பேசலாம். விரல் சேனல் மாற்றுகிற திருகு மேல் போய்விட்டது. போனதை ஏன் மறைக்க வேண்டும். ஆனால் பொய்யை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு உண்மையை மட்டும் காதோடு ஓதுவதா? திருகை விட்டேன். பட்டனை அழுத்தினேன்.

"லிஃப்ட்டக்கா, ரேடியோ பேசுறேன்."

"சொல்லுங்க தம்பி. கேக்குது." கொஞ்சம் பொறுத்து, "சரியா?" என்றார்.

"நல்லா கேளுங்கக்கா. அன்னிக்கு ஒன்பதாம் மாடியில உங்க காதுல கோளாறு இல்ல. என் குரல் நின்னுச்சு. என் ஷூல சிமென்ட் கொட்டிடுச்சுன்னு பூச்சுக்காரரத் திட்டத் திரும்பினேன். பட்டன்லேர்ந்து கைய எடுத்துட்டேன். நாலு வினாடி. நீங்க நின்னது சரி. சட்டப்படி நின்னீங்க. கண்ணாடி உடஞ்சது என்னால. அத மறச்சதும் நான்தான்."

பட்டனை விட்டேன். எதுவும் வரவில்லை. கேட்டருகே லாரிக்காரர் ஒருவர் கையிலிருந்த செட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். கம்பி வெட்டுகிற மெஷின்கூட நின்றுவிட்டது.

"தம்பி, இன்னொரு தடவ சொல்லுங்க" என்றது அக்காவின் குரல்.

மறுபடியும் சொன்னேன். முதல் தடவையைவிட அது கஷ்டமாக இருந்தது. ஷூவையும் விடாமல் சொன்னேன்.

பிறகு அவர், இத்தனை வருஷமாக எங்கள் வேலையில் இருக்கிற அந்த முதல் சட்டப்படி, நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னார்.

"உங்க குரல் நின்னுச்சு. என் காது சரி. நான் நின்னது சரி."

"சரிக்கா" என்றேன்.

"மூணு வாரமா என் புள்ளைங்க கூப்பிட்டாகூட ரெண்டு தடவ கேட்டேன் தம்பி." அதற்குமேல் ஒரு மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. "அத அப்புறம் பேசிக்கலாம். லாரி வருது பாருங்க, கேட்டத் திறக்கச் சொல்லுங்க."

அடுத்தது சேஃப்டி மேடம். அவர் குரல் எப்போதும் பரீட்சை ஹாலில் பேசுகிற மாதிரி இருக்கும். "ரேடியோ, நீங்க சொன்னத எழுதிக்கிட்டேன். ஆரஞ்சுச் சட்டையக் கழட்டி எடுத்துட்டு என் ரூமுக்கு வரணும். இப்பவா, லோடு முடிஞ்சப்புறமான்றத ஆபரேட்டர் சொல்லட்டும். அக்கா, இன்னிக்கு சிக்னல் யார் குடுக்கணும்?"

"ரேடியோ தம்பியே குடுக்கட்டும் மேடம்" என்றார் அக்கா. "இன்னிக்கு அவர் கை பட்டன விடாது."

எங்கேயோ யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஒன்பது மணிக்கு இயந்திரம் தரையைவிட்டு எழும்பியது. நான் மொட்டை மாடியில், மோட்டார் அறைக்குப் பின்னால். என் பக்கத்தில் இன்ஜினியர், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு. முதல் பத்து மாடிவரை லோடு அக்காவின் கண்ணுக்கு நேராகத்தான் வரும், அதற்குமேல்தான் என் வேலை. பத்தாம் மாடியை எட்டியபோது அக்காவின் குரல் வந்தது.

"காத்து கூடுது. லோட இறக்குறேன். கீழ இடத்தக் காலி பண்ணுங்க."

இன்ஜினியர் என் கையைப் பிடித்தார். "இன்னும் நாலு மாடிதானே? காத்தே இல்லையே. ஏறச் சொல்லுங்க."

எங்கள் இடத்தில் உண்மையிலேயே காற்று இல்லை. என் சட்டை ஆடவில்லை. ஆனால் காற்று அளக்கிற கருவி அவர் தலைக்குமேல் இருக்கிறது, எங்களைவிட அத்தனை உயரத்தில். அதைவிட முக்கியமான ஒன்றை நான் கவனித்தேன். அக்கா கேட்கவில்லை, சொன்னார். கடைசியில் "சரியா?" வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

இன்ஜினியரின் கையை மெல்ல விலக்கிவிட்டுப் பட்டனை அழுத்தினேன். லீடராக அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். அவர் சொன்னதை நான் திருப்பிச் சொன்னேன்.

"காத்து கூடுது. இறக்குறீங்க. கீழ காலி பண்றோம்."

"சரி" என்றார் அக்கா.

லோடு வந்த வழியே இறங்கித் தரையில் உட்கார்ந்தது. இன்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பக் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. பன்னிரண்டாம் மாடிச் சாரத்தில் கட்டியிருந்த நீலத் தார்ப்பாயைக் காற்று பிய்த்து எடுத்துக்கொண்டு போனது. என் ஹெல்மெட்டை ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. தார்ப்பாய் மூன்று தெரு தள்ளிப் போய் விழுந்ததாகச் சொன்னார்கள். இன்ஜினியர் முகத்தில் ஈயாடவில்லை. "நல்ல வேளை" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "நல்ல வேளை இல்ல சார், நல்ல ஆபரேட்டர்" என்றேன். வாய் சும்மா இருக்குமா எனக்கு.

நாற்பது நிமிஷம் காத்திருந்தோம். அக்கா, "காத்து இறங்கிடுச்சு, எடுக்குறேன்" என்றார். எடுத்தார். பத்து மாடி தாண்டி, மோட்டார் அறையைத் தாண்டி, அவர் கண்ணிலிருந்து மறைந்து என் கண்ணுக்கு வந்தது. என் கட்டைவிரலால் பட்டனை நசுக்கிப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். சுத்து, சுத்து, நில்லு. இறக்கு, இறக்கு, எட்டடி, இறக்கு, ஆறடி. விரல் மரத்துப்போனது, விடவில்லை. ஒரு ஈ வந்து மூக்கில் உட்கார்ந்தது, விடவில்லை. ரெண்டடி, ஒரு அடி, அரை அடி, விரல்கடை, விரல்கடை, நில்லு. நாலு டன் இயந்திரம் நாலு போல்ட் மேல் சட்டை பட்டன் மாட்டுகிற மாதிரி உட்கார்ந்தது. ஒரு போல்ட்டில்கூட உரசவில்லை.

"உக்காந்துடுச்சுக்கா" என்றேன்.

"உக்காந்துடுச்சு" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. பழைய குரல். இரண்டு வார்த்தைக்கு மேல் செலவழிக்காத அந்தக் குரல்.

இன்ஜினியர் செட்டை எடுத்து, "அக்கா, வெள்ளிக்கிழமைக்கு யாரையும் வரச் சொல்லல. நாளைக்கு எட்டு மணிக்குக் கம்பி லோடு இருக்கு. நீங்கதான்" என்றார். மொட்டை மாடியில் இருந்த பிட்டர்கள் இரண்டு பேர் கை தட்டப் போனார்கள். நான் கையைக் காட்டி வேண்டாம் என்றேன்.

சட்டையைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினேன். லிஃப்ட் அடியிலிருந்து சேஃப்டி மேடம் அறைக்கு ஒரு நூறடி இருக்கும். பத்தடி போனேன். கால் நின்றுவிட்டது. ஆரஞ்சுச் சட்டை இல்லாமல் அந்த மண்ணில் நான் நின்றதே இல்லை. மனைவியிடம் என்ன சொல்வது, டீமின் முகத்தில் எப்படி முழிப்பது என்றெல்லாம் மண்டைக்குள் ஓடியது. சொன்னது தப்பு என்று தோன்றவில்லை. இருந்தாலும் கால் நகரவில்லை.

இடுப்பில் செட் கரகரத்தது.

"தம்பி, ஏன் அங்கயே நிக்கிறீங்க?"

அண்ணாந்து பார்த்தேன். கேபின் கண்ணாடியில் வெயில் அடித்தது, ஆள் தெரியவில்லை. அவருக்கு நான் தெரிவேன். சைட்டில் எல்லாருமே தெரிவார்கள்.

"குரல் நின்னுடுச்சுக்கா. அதான் நிக்கிறேன்" என்றேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். சொல்லும்போது குரல் விளையாட்டாக வரவில்லை.

செட் மறுபடி கரகரத்தது. அவர் சிரித்தாரோ என்னவோ. பிறகு ஆரம்பித்தார். பதினைந்து செட்டிலும் கேட்க, நிறுத்தாமல், மூச்சு மட்டும் விட்டுக்கொண்டு.

"நேரா. நேரா. நேரா. எம்பதடி. நேரா. கல்லு கிடக்கு, இடது பக்கம். நேரா. அறுபது. நேரா. தலையத் தூக்குங்க. நேரா. நாப்பது. போய்க்கிட்டே இருங்க. இருபது. பத்து. படி ரெண்டு இருக்கு, ஏறுங்க. கதவு அஞ்சடி, மூணு, ஒண்ணு. நில்லுங்க."

நின்றேன். கதவுக்கு ஒரு சாண் முன்னால் நின்றேன். தூரம் துளிகூடப் பிசகவில்லை.

"கதவு வந்தாச்சுக்கா" என்று திருப்பிச் சொன்னேன்.

"சரி. உள்ள போங்க" என்றார். அத்தனை நேரம் பேசியும் அந்தக் குரலில் ஒரு "சரியா?" கூட இல்லை.

கதவைத் தட்டினேன்.